ஆடலுக்கு ஏற்ற கோலம்

கூத்து வேறு, கோலம் வேறு என்று பிரித்தெண்ணும் வழக்கம் பழந்தமிழ் நூல்களில் இல்லை. ஆடலைச் சொல்ல வந்த இடமெல்லாம் ஆடுவோர் பூண்ட கோலமும் உடன் சொல்லப்படும். இந்நாளைய மேடைகளிலோ ஆடல் ஒரு வழியும் ஆடை மற்றொரு வழியுமாகச் செல்கின்றன. மலாக்கா மாநிலத்துச் செங், பாயா ரும்புட், அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய இடங்களில் வாழும் தமிழர்க்கு மேடைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா, கோயில் திருவிழா, ஆசிரியர்க்குப் பிரியாவிடை என ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்று நிகழ்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஆடும் சிறுவர் சிறுமியர்க்கு ஆடல் பழக்கும் பொறுப்பு பல பள்ளிகளில் தமிழாசிரியர்களுடையதே. பாட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அடுத்த நாளே “என்ன நிறம்?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ஆடல் இன்னும் உருப்பெறவே இல்லை. அதற்குள் ஆடை வாடகைக்குப் பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் அவ்வாடை எவ்வளவு அசைய விடுமோ அவ்வளவே ஆடல் என்றாகிறது. இறுக்கித் தைத்த பாவாடையானால் மண்டியிடல் கைவிடப்படுகிறது. தலையணி நழுவுமானால் கழுத்தசைவு நீக்கப்படுகிறது. காலுக்கேற்பச் செருப்பைத் தைப்பது போய், செருப்புக்கேற்பக் காலைக் குறைக்கும் கதை இது.

இதனைக் குறை என்று எடுத்துச் சொன்னால், பழைமையைத் துணைக்கு அழைப்போர் உளர். மாதவியே தலை முதல் கால் வரை அணிகலன் பூண்டவள் அல்லளோ என்றும், சிலப்பதிகாரம் அவற்றை நிரல்பட எடுத்துக்கூறுகின்றதே என்றும் வினவுவர். இவ்வினாவுக்குச் சிலப்பதிகாரத்தைக் கொண்டே விடை காணலாம். விடை வினவுவோர் எதிர்பார்ப்பதற்கு நேர் மாறானது.

மாதவியின் ஆடல் பற்றி இளங்கோவடிகள் இரண்டிடங்களில் விரிவாகப் பேசுகிறார். ஒன்று அரங்கேற்று காதை. மற்றொன்று கடலாடு காதை. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணமும் அரங்கின் அளவும் வருகின்றன. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கு அளக்கப்படுகிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்படுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் கூறப்படுகின்றன. விளக்கின் நிழலுக்குக்கூட இடம் தந்த புலவர், ஆடுபவளின் உடலை மறைக்கும் ஆடையைப் பற்றிக் கருதாமல் இருந்திருப்பாரா? அவர் கருதியது கடலாடு காதையில் விளங்குகிறது.

அக்காதையில், வெள்ளிமலையைச் சேர்ந்த விஞ்சையன் ஒருவன் தன் காதலியோடு புகார் நகரத்து இந்திர விழாவைக் காண வருகிறான். மாதவி ஆடும் பதினோராடலை அவளுக்குக் காட்டி விளக்குகிறான். கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடி, மரக்கால், பாவை, கடையம் என்பன அவை. இவற்றை முதலில் ஆடியோர் தேவர். சிவன் ஆடியவை, மாயோன் ஆடியவை, முருகன் ஆடியவை, காமன் ஆடியது, கொற்றவை ஆடியது, திருமகள் ஆடியது, இந்திராணி ஆடியது என அவை பகுக்கப்படும். ஒவ்வொன்றும் அதனை முதலில் ஆடியவர்க்கு உரிய அணியோடும் அவர்க்கு உரிய முறைமையோடும் ஆடப்பட்டது என்று நூல் தெளிவாகவே கூறுகிறது. இதுவே ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. ஆடுபவள் ஒருத்தி, ஆடலோ பதினொன்று, கோலமும் பதினொன்று. மாதவிக்கென ஒரு கோலம் அமைத்து அதனையே பதினோராடலுக்கும் பூட்டிவிடவில்லை.

அக்கோலங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் பொருத்தம் நன்கு விளங்கும். பாண்டரங்கத்தில் இறைவன் வெண்ணீறு பூசியவன். அங்கே நீறே ஆடை, பட்டுக்கு இடமில்லை. மல்லாடல் மற்போர்க் கோலத்தது. தொங்கலும் தோரணமும் பூண்டு மற்போர் புரிவார் உண்டா? குடைக்கூத்தில் குடை வெறும் கைப்பொருள் அன்று. அவுணர் படைக்கலம் கீழே போட்டு வருந்த, முருகன் குடையைச் சாய்த்து ஆடினான் என்பது கதை. அக்குடையே ஒருமுக எழினியாக நின்றது என்று உரை விளக்குகிறது. கையிலுள்ள பொருள் திரையாகும்போது, அதனைப் பிடித்த தோளும் முழங்கையும் தடையின்றி இயங்க வேண்டும். மரக்காலாடலில் கொற்றவை மரத்தாலான கால்களின்மீது நின்று, அவுணர் ஏவிய நச்சுயிர்களை மிதித்தழிக்கிறாள். அங்கே மக்கள் கண் செல்லுமிடம் நிலத்தில் ஊன்றும் அம்மரக்கால்களே. அவற்றை மூடித் தரையில் புரளும் ஆடை கண்ணுக்கு விருந்தாகலாம், ஆடலுக்கு முடிவாகிவிடும். ஆடுபவர் விழுந்து எழும்ப முடியாமற் போவதும் உண்டு.

பேடியாடலில் கோலமே ஆடலாகி நிற்கிறது. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் பேடி உருக்கொண்டு வாணன் நகரில் ஆடினான். மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை இவ்வாடலைப் புகார் வீதியில் காட்டுகிறது. சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலும், பவளம் போன்ற வாயும் பெண்மைக்குரிய அணிகளும் ஓருடலில் அமைந்த உருவம் அது. தாடியை நீக்கினால் அது பெண்ணின் ஆடல். கூந்தலை நீக்கினால் ஆணின் ஆடல். இரண்டும் ஒருங்கே இருந்தால்தான் அது பேடியாடல். அங்கே அசைவுக்கு முன்னரே கோலம் கதையைச் சொல்லிவிடுகிறது.

பாவையாடலில் இன்னொரு நுட்பம் உண்டு. போருக்கெனக் கோலம் பூண்டு வந்த அவுணர் அக்கோலத்தை இழக்கும்படி திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடினாள். ஒரு கோலம் மற்றொரு கோலத்தை வெல்லும் கதை இது. கோலத்தை வெறும் அழகுக்கு என்று எண்ணிய ஒருவர் இப்படி ஒரு கதையை ஆடற்பொருளாகக் கொண்டிருக்க முடியாது.

உரையாசிரியர்கள் இப்பதினொன்றை நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து என இருகூறாக்குவர். அல்லியம், கொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்பன நின்றாடல். துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்பன வீழ்ந்தாடல். ஆடை தேர்வோர்க்கு இப்பகுப்பைவிடப் பயன்படும் பகுப்பு வேறில்லை எனலாம். நின்றாடுவோரின் ஆடை நேரே தொங்கி நின்று அழகு தரும். வீழ்ந்தாடுவோரின் ஆடை உடலோடு வீழ்ந்து உடலோடு எழ வேண்டும்.

இனி, முற்கூறிய வினாவுக்கு வரலாம். மாதவியின் அணிகலன்கள் விரிவாகப் பட்டியலிடப்படுவது உண்மை. விரலணி தொடங்கிப் பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் எனக் காலணிகள், துடைக்குக் குறங்குசெறி, இடைக்கு முப்பத்திரண்டு வடமாகக் கோத்த முத்துமேகலை, தோளுக்கும் கைக்கும் கழுத்துக்கும் காதுக்கும் தலைக்கும் வகைவகையான கலன்கள். இப்பட்டியலும் அதே கடலாடு காதையில்தான் வருகின்றது. ஆகவே இதனை ஆடல்மகளின் மேடைக்கோலம் என்று பலரும் கொண்டுவிட்டனர். ஆண்டு விழா மலர்களிலும் நாட்டிய அரங்கேற்ற அழைப்புகளிலும்கூட இக்கருத்து எடுத்தாளப்படுகிறது.

பாட்டின் தொடர்ச்சியைப் பார்ப்போர் இவ்வாறு சொல்லார். இந்திர விழாவின் ஆடலும் அதற்குரிய கோலமும் அணியும் முடிவுற்றபின்தான் இப்பட்டியல் தொடங்குகிறது. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடுகிறாள். பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீர் அது. பின்னர்க் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிக் காலுக்குச் செம்பஞ்சு ஊட்டி, அதன்பின் அணிகலன் ஒவ்வொன்றாகப் பூணுகிறாள். இது கூடலுக்கும் ஊடலுக்கும் உரிய கோலம். கடற்கரைக்குப் புறப்படுமுன் இல்லத்தில் பூண்ட கோலம். ஆடற்கோலத்தைக் களைந்த பிறகே இதனைப் பூண்டாள் என்று அடிகள் வேறுபடுத்திக் காட்டியிருக்க, இரண்டையும் ஒன்றெனக் கொள்வது புலவரின் கருத்தைத் தலைகீழாக்குவதாகும். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். நூல் எல்லார் கைக்கும் எட்டி நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்னும் இப்பகுதியைப் பெயர்த்தெடுத்து மேடைக்குச் சான்றாக்குவது வியப்பே.

இதனால் அணிகலனே ஆடலுக்கு ஆகாது என்பது பொருளன்று. ஆடலில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வேலை உண்டு. வேலையற்ற அணிதான் சுமை. பரத நாட்டியத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் பூசும் செம்மை, கடைசி வரிசையில் இருப்பவரும் முத்திரையைக் கண்டுகொள்வதற்காக. காதில் தொங்கும் ஜிமிக்கி, கழுத்தின் சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சலங்கை காலின் தாளத்தைக் காதுக்குக் கொண்டுவருகிறது. ஒட்டியாணம் இடையின் கோட்டை வரையறுக்கிறது. ஆனால் அதனை மூச்சு முட்ட இறுக்கினால், அரை மணிக்கு மேல் நீளும் வருணத்தில் பாதி தூரம் செல்லுமுன் முகம் வாடிவிடும். மணிக்கட்டு முதல் முழங்கை வரை வளையல் அடுக்குவோர், முத்திரை பிறக்கும் இடத்தையே பொதிந்து வைக்கின்றனர். நாகர்கோயிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் நாட்டியத்துக்குப் பேர்போனவை. அவற்றின் சிவப்புக் கல் விளக்கொளியில் மின்னும். அந்த மின்னல் எங்கே விழ வேண்டும் என்று ஆடலாசிரியர் எண்ணினாரா என்பதே கேள்வி.

பரத நாட்டிய ஆடையின் வரலாறும் இப்பொருளுக்குத் துணை செய்யும். சதிர் ஆடிய மகளிர் கால்சட்டையின்மீது சேலையைச் சுற்றிக் கட்டி ஆடினர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படங்கள் காட்டுகின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் 1935-இல் அடையாற்றில் ஆடி, 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். கோயிற் சிற்பங்களைக் கண்டு, தைத்து அணியும் புதிய ஆடை முறையை அவர் அமைத்தார். அதில் முன்புறம் மடிப்பு மடிப்பாகத் தைக்கப்படும் விசிறி அனைவரும் அறிந்தது. அவ்விசிறி அழகுக்காகத் தொங்கவிடப்பட்டது என்றே பலர் நினைக்கின்றனர். அது செய்யும் வேலையைக் காண வேண்டுமானால் ஆடுபவர் அரைமண்டியில் அமர வேண்டும். முழங்கால்கள் இருபுறமும் விரிய விரிய, மூடியிருந்த விசிறி தானே விரிகிறது. எழுந்து நிற்க மூடிக்கொள்கிறது. நாட்டடவில் கால் நீளும் திசையை விசிறியின் ஓரச் சரிகை கோடிட்டுக் காட்டுகிறது. அரைமண்டி சரியாக விழாதவர்க்கு விசிறி விரியாது. எனவே ஆடை ஆடுபவரின் குறையையும் மறைக்காமல் காட்டிவிடும். ஆடலின் எலும்புக்கூட்டை அறிந்து தைத்த ஆடை என்பது இத்தகையது.

அதே காலத்தில், தஞ்சாவூர் வழியில் வந்த பாலசரசுவதி இம்முறைக்கு மாறாமல் சேலையைக் கட்டியே ஆடினார். இரண்டில் எது சரி என்று வழக்கிட்டோர் பலர். வழக்கிடத் தேவையில்லை. பாலசரசுவதியின் பெருமை அவருடைய பதங்களில். முகமும் கையும் கண்ணும் பேச, உடல் ஓரிடத்தில் நின்று உணர்வில் ஆழ்வது அவர் கலை. அதற்குச் சேலையின் தளர்ந்த மடிப்பு பொருந்தும். கோட்டுருவம் தெறிக்க அடவுகளை அடுக்கிச் செல்லும் ஆடலுக்குத் தைத்த ஆடை பொருந்தும். ஒரே கலைக்குள்ளும் ஆடற்போக்கு மாறினால் ஆடை மாறும் என்பதற்கு இவ்விருவருமே சான்று. ஆனால் இன்று சில நாட்டியப் பள்ளிகளில் பாவாடை போன்ற அமைப்புடைய ஆடையை, முழுமண்டியும் நாட்டடவும் நிறைந்த தில்லானாவுக்கும் அணிவிக்கின்றனர். அங்கே காலின் உழைப்பு முழுவதும் துணிக்குள் மறைந்துபோகிறது. மாணவி ஆண்டுக்கணக்கில் பழகியது ஒன்று. அவையோர் காண்பது மற்றொன்று.

நாட்டுப்புறக் கூத்துகளை ஆடியோர் இலக்கண நூல் படித்தவரல்லர். எனினும் இவ்வுண்மையை நன்கறிந்தவர். பொய்க்கால் குதிரையில் குதிரைக் கூட்டைச் சுற்றித் தொங்கும் துணி ஆடுவோரின் காலை மறைக்கிறது. மறைத்தால்தான் குதிரை ஓடுவதாகத் தோன்றும். கரகத்திலோ தலையிலுள்ள செம்பு அசையாமல் நிற்க, கால் மட்டும் பேசுவதால் கால் தெரிய வேண்டும். தெருக்கூத்தில் கட்டை வேடம் பூண்டோர் தோளிலும் தலையிலும் இலேசான மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த அணிகளைத் தாங்குவர். இரவு முழுதும் விளக்கொளியில் ஆடுவோர்க்கு அக்கண்ணாடியே ஒளி. அவர் சுழலும்போது பல அடுக்குப் பாவாடை குடைபோல் விரிகிறது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மக விழாவில் காவடி எடுத்து ஆடுவோரைக் கண்டவர், தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டிக்கு மேல் அவர்க்கு வேறு ஆடை தேவையில்லை என்பதை ஒப்புவர். தோளிலுள்ள காவடிதான் அவ்வாடலின் அணி.

தமிழ்நாட்டுக்கு வெளியே நோக்கினாலும் இதே நியதி காணப்படும். எகிப்து நாட்டில் இடையையும் வயிற்றையும் மையமாகக் கொண்டு ஆடும் கீழைநடனம் உலகெங்கும் பரவியுள்ளது. அரபு மொழியில் அதற்கு ‘ரக்ஸ் ஷர்கி’ என்று பெயர். மேற்சட்டையும் இடைவாருமாக இரண்டு துண்டாக அமைந்து மணியும் குஞ்சமும் மின்னும் ஆடையே அதன் அடையாளம் என்று பலர் எண்ணுவர். அவ்வாடை 1920-களில் கெய்ரோ நகர அரங்குகளில் பரவியது. பதீயா மசாப்னி என்னும் அம்மையார் 1926-இல் அங்குத் திறந்த அரங்கு இதற்குப் பேர்போனது. அதற்கு முன் ஆடியோர் முழு ஆடைமீது இடுப்பில் ஒரு துணியை முடிந்து ஆடினர். முடிச்சும் குஞ்சமும் செய்யும் வேலை ஒன்றே: இடையின் நடுக்கத்தைக் கண்ணுக்குப் பெரிதாக்குதல். எனவே முழவின் தனியடிக்கு இடையை மட்டும் அதிரச் செய்யும் ஆடலுக்குக் குஞ்சம் பொருந்தும். கையில் மெல்லிய துகிலை வீசி ஆடும்போது அதே குஞ்சமும் மணியும் துகிலைப் பற்றிக்கொள்ளும். மேல் எகிப்தின் ஆடவர் சிலம்பத்தை ஒட்டிப் பெண்டிர் ஆடும் கோலாடலுக்கோ கால் வரை நீண்ட நேரான அங்கியே மரபு. 1959-இல் கெய்ரோவில் தோன்றிய மகமூது ரேதாவின் குழு வட்டார ஆடல்களை அவ்வவ் வட்டார உடையின் சாயலோடு மேடையேற்றியது. ஒரே நாட்டில், ஒரே ஆடல் இனத்தில், கையில் உள்ளது துகிலா கோலா என்பதைக் கொண்டே ஆடை மாறுவதைக் காண்க. இதனை அறியாதார், மின்னும் ஈராடையை எல்லாவற்றுக்கும் அணிந்துகொள்கின்றனர். அங்கும் கடைக்காரர் ஆடலாசிரியர் ஆகிவிட்டார் போலும்.

மேலைநாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. பாரிசு நகர அரங்கில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடிய மாரி கமார்கோ தம் காலின் விரைந்த துள்ளல் தெரிவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். மார்த்தா கிரகாம் 1930-இல் ஆடிய புலம்பல் நடனத்தில் உடல் முழுவதையும் நீளும் துணிக்குழாய் ஒன்றில் அடைத்துக்கொண்டார். துயரத்தில் சிக்கியவர் திமிறும் ஒவ்வோர் அசைவையும் அத்துணியின் இழுப்பே காட்டியது. ஒருவர் ஆடையைக் குறைத்தார். ஒருவர் ஆடைக்குள் மறைந்தார். இருவரும் முதலில் ஆடலையே எண்ணினர்.

அண்டை நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சிங்கப்பூரில் சாந்தா பாஸ்கர் 1958-இல் பட்டாம்பூச்சிக் காதலர் என்னும் சீனக் கதையைப் பரத நாட்டியத்தில் அமைத்தார். இத்தகைய முயற்சியில் ஆடை பற்றிய சிக்கல் கூர்மையாக எழும். சீன நாடகத்தில் கையைத் தாண்டி நீண்டு தொங்கும் வெண்கை அழுகையையும் நாணத்தையும் சொல்லும். அங்கே துணிதான் முத்திரை. பரதத்தில் வெறுங்கைதான் முத்திரை. ஒரே கையில் இரண்டும் இருக்க இயலாது. சீனக் கதைக்குச் சீன உடை என்று எளிதாக முடிவு செய்வோர்க்கு இங்கே வழி அடைபட்டுவிடும். கதை எந்நாட்டதாயினும், ஆடலின் மொழி எதுவோ அதற்கே ஆடை கடமைப்பட்டது.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மலாக்காப் பள்ளி மேடைகளுக்குத் திரும்பினால், ஒரே ஓர் ஆடலை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது போதும். தோட்ட வாழ்வைக் காட்டும் பால்மரத் தொழில் ஆடல் இன்றும் ஆடப்படுகிறது. செங் வட்டாரத்தில் ஒருகாலத்து நிரை நிரையாக நின்ற ரப்பர் மரங்கள் மறைந்து வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆகவே அவ்வாடலை ஆடும் பிள்ளைகளுள் பலர் பால்வெட்டைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர்களுடைய பாட்டிமார் கண்டவர், வெட்டியவர். அவ்வாடலில் பல மேடைகளில் சிறுமியர் மின்னும் சரிகைப் பாவாடையும் கண்ணாடி பதித்த தாவணியும் அணிந்து, கையில் பொன்தாள் ஒட்டிய வாளியோடு வருகின்றனர். பெற்றோர் வாடகைக்கெனப் பணம் கட்டியிருப்பர். ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது சிறிய தொகையன்று.

பால்வெட்டுக்குச் சென்ற தாய்மார் எப்படிச் சென்றனர்? விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவுக்கு அஞ்சி முழுக்கைச் சட்டையும் கைலியும் உடுத்து, தலையைத் துணியால் இறுக்கி முடிந்து சென்றனர். சட்டையில் பால் தெறித்துக் காய்ந்து கருத்து விறைத்திருக்கும். அவர்களுடைய அசைவுகளை எண்ணிப் பார்த்தால், அவை ஆடலாகவே அமைந்திருப்பது தெரியும். மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும் கால், சரிந்த கோட்டில் பட்டையைச் சீவிச் செல்லும் மணிக்கட்டு, சொட்டும் பாலுக்கு மங்கைச் சரிசெய்யும் கை, அடுத்த மரத்துக்குத் தாவும் விரைவு, பின்னர்க் காண்டாக் கம்பின் இருபுறமும் வாளி தொங்க, சிந்தாமல் சிறு ஓட்டமாக வரும் நடை. இவ்வாடலின் உயிர் மணிக்கட்டிலும் அடிவைப்பிலும் இருக்கிறது. சரிகைப் பாவாடை இரண்டையும் விழுங்கிவிடுகிறது. தலைத்துணியும் கைலியும் இரண்டையும் காட்டும். அவற்றுக்கு வாடகையும் இல்லை. பிள்ளைகள் வீட்டிலேயே பாட்டியின் பெட்டியில் கிடைக்கும்.

“அழுக்குத் துணியை மேடையில் ஏற்றுவதா?” என்று சிலர் தயங்குவர். தயக்கத்தின் உள்ளே இருப்பது கலையுணர்வு அன்று. தோட்டத்து உழைப்பைப் பற்றிய வெட்கம். இவ்வெட்கத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது ஆசிரியரின் வேலையாகுமா? இதற்கு விடை கடையக்கூத்தில் இருக்கிறது. அது வாணன் நகரத்து வடக்கு வாயிலில், வயலருகே நின்று ஆடப்பட்டது. ஆடியவள் இந்திரனின் மனைவி அயிராணி. ஐராவதத்தில் ஏறுவோனின் துணைவி, வானுலகின் அணிகலன் அத்தனைக்கும் உரியவள். அவள் அவற்றையெல்லாம் நீக்கி, வயலில் வேலை செய்யும் கடைசியர் வடிவு கொண்டு ஆடினாள் என்று உரை கூறுகிறது. மாதவி அவ்வாடலை ஆடியபோது கடைசியின் கோலத்தோடுதான் ஆடினாள். தேவர்கோமான் தேவியின் கோலத்தோடு அன்று. புகார் நகரத்து அவையினர் அதனைக் குறைவாகக் கருதினர் என்று நூலில் எங்கும் இல்லை. விஞ்சையன் தன் காதலிக்கு அதனையும் மற்ற பத்தோடு சேர்த்தே பெருமையோடு காட்டினான். அடுத்த ஆண்டு விழாவுக்குப் பால்மர ஆடல் பழக்கும் ஆசிரியர், பாட்டைத் தேர்ந்த பின் வாடகைக் கடைக்குச் செல்லுமுன், கடலாடு காதையின் அப்பகுதியை ஒருமுறை மாணவர்க்கு வாசித்துக் காட்டலாம். பின்னர், வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம்: தலைத்துணியை எப்படி முடிந்தீர்கள், விளக்கை எந்தப் பக்கம் வைத்தீர்கள், மழை நாளில் என்ன உடுத்தினீர்கள் என்று.